பிசாசின் நகக்கீறல்: ரோட்டரி எஞ்சினுக்குள் இருக்கிற அறுபது வருசக் கதை

பழைய கார் வாங்கப் போகும்போது எங்கட ஆக்கள் செய்கிற சோதனைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பொனட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்பது, ஒயில் மூடியைக் கழற்றிப் புகை வருதா எண்டு பார்ப்பது, சைலன்சருக்குப் பின்னால் கையைப் பிடிப்பது, மீற்றரில் இருக்கிற கிலோமீற்றரை நம்பாமல் தலையாட்டுவது. கூடப் போகிற பாஸ் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லுவார். ஆனால் அதே பாஸைக் கொண்டுபோய் ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8இன் முன்னால் நிறுத்தினால், அவருடைய அனுபவத்தில் பாதி அவருக்கு எதிராகவே வேலை செய்யும்.

ஒரு உதாரணம். சாதாரண எஞ்சினில் நோய் தெரிகிறது காலையில் குளிராக ஸ்டார்ட் பண்ணும்போதுதான். அதனால் கள்ள வியாபாரி நீங்கள் வர முதலே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பான். ஆர்எக்ஸ்-8இல் இது தலைகீழ். தேய்ந்த ரோட்டரி எஞ்சின் குளிரில் ஓரளவு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, கொஞ்ச நேரத்தால் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால்தான் இழுத்து இழுத்துச் சத்தம் போடும், சிலவேளை ஸ்டார்ட்டே ஆகாது. குறைய ஓடின கார் நல்ல கார் என்ற நம்பிக்கையும் இங்கே அவ்வளவு பலிக்காது. பக்கத்துக் கடைக்கு மட்டும் மெதுவாக ஓடின ரோட்டரிக்குள் கரி படிந்துபோய்க் கிடக்கும். இடைக்கிடை நன்றாக முறுக்கி ஓடின கார் அதைவிடத் தேகாரோக்கியமாக இருக்கலாம்.

ஏன் இப்படி? பதில் சொல்ல 1950களின் ஜேர்மனிக்குப் போக வேண்டும். பழைய ரோட்டரியை வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனைக்கும் பின்னால் ஒரு கம்பனியின் தலையிடி இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம்.

முதலில் அந்த எஞ்சினைக் கற்பனை செய்து பாருங்கோ. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு ஒடுங்கின கச்சான் கோது மாதிரி ஒரு அறை. அதற்குள் முக்கோண வடிவில் ஒரு ரோட்டர் சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்த நேரமும் அறைச் சுவரைத் தொட்டபடியே இருக்க வேண்டும். அந்த முனை ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய சீல். எரிகிற வாயுவை அடைத்து வைத்திருப்பது இந்த மூன்று கீற்றுகளும் பக்கவாட்டுச் சீல்களும்தான். பிஸ்டனின் றிங் எப்போதும் ஒரே கோணத்தில் சுவரில் உராயும். ரோட்டரின் முனைச் சீலோ சுற்றுக்குச் சுற்று கோணம் மாறி மாறி, ஒரு கோட்டளவு தொடுகையில் சறுக்குகிறது. அது தேய்ந்தாலோ உடைந்தாலோ எஞ்சின் அவ்வளவுதான்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பீலிக்ஸ் வான்கெல். பல்கலைக்கழகம் போகாதவர், கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே எடுக்காதவர். எங்களுக்கு அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க ஏலாது: அவர் 1922இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், கட்சிக்குள் நடந்த சண்டையில் 1933இல் சில மாதங்கள் சிறையிலும் இருந்தவர், பிறகு எஸ்.எஸ். படையில் உறுப்பினராகவும் இருந்தவர். கார் சஞ்சிகைகள் அவரை 'மேதை' எண்டு எழுதும்போது இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் மடித்து வைத்துவிடுகின்றன. போர்க்காலத்தில் விமான எஞ்சின்களுக்காக அவர் செய்த வேலையும் சீல், அதாவது வாயுவை அடைத்து வைப்பது பற்றியதுதான்.

போருக்குப் பிறகு என்எஸ்யு என்ற மோட்டார் சைக்கிள் கம்பனி அவரோடு சேர்ந்தது. முதல் எஞ்சின் 1957இல் ஓடியது. அதைக் கார்களுக்கு ஏற்ற எளிய வடிவத்துக்கு மாற்றியவர் அங்கிருந்த பொறியியலாளர் ஹன்ஸ் டீற்றர் பாஷ்கே. வான்கெலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. இண்டைக்கு 'வான்கெல் எஞ்சின்' எண்டு உலகம் சொல்வது பாஷ்கேயின் வடிவத்தைத்தான். 1964இல் ஸ்பைடர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 1967இல் வந்த ரோ 80, அடுத்த வருசம் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் எடுத்தது.

அழகான கார். எஞ்சின்தான் கவிழ்த்தது. சில கார்களில் 50,000 கிலோமீற்றர் ஓட முதலே சீல்கள் போய்விட்டன. என்எஸ்யு உத்தரவாதத்தின் கீழ் எஞ்சின்களைத் தாராளமாக மாற்றிக் கொடுத்தது. அந்தத் தாராளமே கம்பனியின் கழுத்தை நெரித்தது. வீதியில் இரண்டு ரோ 80காரர்கள் எதிர்ப்பட்டால், தங்களுக்கு இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்பதை விரல்களைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்களாம் என்றொரு பகிடி இண்டைக்கும் உலாவுகிறது. 1969இல் என்எஸ்யு, ஃபொக்ஸ்வாகனின் கைக்குள் போனது. பழைய ரோ 80 வாங்கினவர்களில் கனபேர் ரோட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு ஃபோர்ட் வி4 எஞ்சினைப் பொருத்தினார்கள். வாங்குகிறவர் எஞ்சினைச் சோதிக்காமலே கொடுத்த தீர்ப்பு அது.

இதே காலத்தில் ஹிரோஷிமாவில் இன்னொரு கம்பனி அதே எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பெயர் தோயோ கோக்யோ. நாங்கள் மஸ்டா எண்டு அழைக்கிற கம்பனி. அணுகுண்டு விழுந்தபோது இடையில் நின்ற ஒரு மலை மறைத்ததால் அவர்களின் தொழிற்சாலை பெருமளவு தப்பியது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு கார் கம்பனிகளைச் சில பெரிய குழுக்களாகச் சேர்க்க யோசித்தது. சின்னக் கம்பனிகள் விழுங்கப்படும் என்ற பயம். தங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு தொழில்நுட்பம் வேண்டும் எண்டு தலைவர் மட்சுடா ட்சுனெஜி என்எஸ்யுவோடு ஒப்பந்தம் செய்தார். ஆசைப்பட்டு வாங்கினது என்பதைவிட, தனியாக நின்று பிழைப்பதற்கு வாங்கினது என்பதுதான் சரி.

வந்த எஞ்சினைக் கொஞ்ச மணித்தியாலம் ஓடவிட்டுத் திறந்து பார்த்தபோது, அறைச் சுவரின் குரோம் பூச்சில் வரி வரியாகக் கீறல்கள். முனைச் சீல் சுவரில் வழுக்காமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஜப்பானியப் பொறியியலாளர்கள் அதற்கு 'பிசாசின் நகக்கீறல்' எண்டு பெயர் வைத்தார்கள். யமமோட்டோ கெனிச்சியின் தலைமையில் 47 பேர் இதற்கென்றே ஒதுக்கப்பட்டார்கள். எசமானுக்காகப் பழிதீர்த்த 47 சாமுராய்களின் பழங்கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயர் இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. சீலின் அதிர்வை மாற்ற அதற்குள் குறுக்கே துளையிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் காபனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் கைகொடுத்தது. 1967 மே மாதம் கொஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருசம் நூர்பர்க்ரிங்கில் 84 மணித்தியாலம் ஓடும் போட்டியில் அந்தக் கார் நான்காவதாக வந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? கீறல் தீர்ந்தது. சீல் சீலாகவே இருந்தது. அதை ஈரமாக வைத்திருக்க எஞ்சின் தன் ஒயிலில் கொஞ்சத்தை வேண்டுமென்றே எரி அறைக்குள் விட்டு எரிக்கிறது. அதனால்தான் 'இந்தக் கார் ஒயில் குடிக்குது' என்பது ரோட்டரியில் குற்றச்சாட்டே இல்லை. ஒயில் குறையவே இல்லை எண்டு விற்பவர் பெருமை பேசினால்தான் பயப்பட வேண்டும்.

1973இன் எண்ணெய் நெருக்கடி பெற்றோல் குடிக்கும் ரோட்டரியைக் கிட்டத்தட்டக் கொன்றது. ஜெனரல் மோட்டர்ஸ் தன் ரோட்டரித் திட்டத்தை 1974இல் தள்ளிவைத்தது. பிறகு எடுக்கவே இல்லை. மஸ்டாவைச் சுமிட்டோமோ வங்கி தூக்கி நிறுத்தியது. குடும்பக் காருக்கு இந்த எஞ்சின் சரிவராது என்பது தெளிவான பிறகு, 1978இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. சிறியது, பாரம் குறைந்தது, உயர்ந்த சுற்றில் வழுக்கிக்கொண்டு போவது: ரோட்டரிக்குக் கடைசியில் கிடைத்த சரியான இடம் ஸ்போர்ட்ஸ் கார்தான். 1991இல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி லெ மான் 24 மணித்தியாலப் போட்டியை வென்றது. ஜப்பானியக் கம்பனி ஒன்று அங்கே வென்றது அதுதான் முதல் தடவை. போட்டி முடிந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே நல்ல நிலையில் இருந்தது.

பிரித்துப் பார்த்தபோது என்ற சொல்லில் கொஞ்சம் நிற்போம். பந்தயக் குழுவுக்குப் பிரித்துப் பார்க்கலாம். பழைய ஆர்எக்ஸ்-8 ஒன்றின் முன் நிற்கிற 25 வயதுப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்க ஏலாது.

இந்த நிலைமையைத்தான் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் பொருளியல் கட்டுரையாக எழுதினார். பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் பழுதாக நினைத்தே விலை சொல்லுவார். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானது. பொருளியல் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு யோசனை: இதை விளக்க ஆர்எக்ஸ்-8ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆர்எக்ஸ்-8 வந்தது 2003இல். கொஞ்ச வருசத்தில் எஞ்சின் முறைப்பாடுகள் குவிய, அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான கார்களின் எஞ்சின் உத்தரவாதத்தை மஸ்டா 8 வருசம் அல்லது 100,000 மைல் எண்டு நீட்டியது. என்எஸ்யு செய்த அதே வேலைதான். இந்த முறை கம்பனி சாகவில்லை. அந்த 8 வருசமும் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அந்தச் சீலின் செலவு மூன்றாம், நான்காம் சொந்தக்காரரின் தலையில். அவர்களில் பெரும்பாலானோர் மலிவு எண்டுதான் வாங்கினவர்கள். எங்களுக்கு உறுத்துவது இதுதான்.

அவர்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் ஆறு எண்கள். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், ஆக ஆறு அறைகள். பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, ஒவ்வொரு அறையின் அமுக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். சாதாரண கராஜில் இருக்கிற அமுக்கமானி இங்கே பொய் சொல்லும். அது மூன்று முகத்தில் கூடினதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். ஒன்று நல்லாக இருந்து இரண்டு செத்திருந்தாலும் 'ஓகே' எண்டுதான் ஊசி நிற்கும். மஸ்டா முகவர்களிடம் இதற்கெனத் தனிக் கருவி இருந்தது. ஆர்எக்ஸ்-8 எஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்றில் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோகிராம் அளவில் காட்ட வேண்டும், 6.9க்குக் கீழே போனால் திருத்தத்தான் வேணும். ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அதே கதைதான்.

சுற்று வேகத்தைக் கேட்காமல் எண்ணை மட்டும் வாங்காதீங்கோ. வேகமாகச் சுழற்றினால் அமுக்கம் கூடிக் காட்டும். பலமான புது ஸ்டார்ட்டரும் புது பற்றரியும் போட்டால் சோர்ந்த எஞ்சினும் துள்ளி எழும்பும். அளக்க முதல் அறைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டாலும் எண் ஏறும். அக்கர்லொஃப் சொன்ன இடைவெளி இந்த எண்களுக்குள்ளேயும் வந்து குந்திவிடுகிறது.

இங்கே ஜப்பானில் இருந்து ரிகண்டிஷன் கார் எடுத்த பரம்பரைக்கு ஏலத்தாளைத் தெரியும். 4, 4.5 எண்டு புள்ளி போட்டு, கீறல் எங்கே, நெளிவு எங்கே எண்டு படம் கீறியிருக்கும். 2020இல் இறக்குமதி நின்று 2025இல் திறக்கும்வரை உள்ளூர்ப் பழைய கார்களின் விலை ஏறினபோது, அந்தத் தாளையே சாதகம் மாதிரிக் காட்டி விற்றவர்கள் இருக்கிறார்கள். அது வெளிக்கீறலின் கணக்கு. முனைச் சீலைப் பற்றி வழமையாக அதில் ஒரு வரியும் இருக்காது.

மஸ்டா 2023இல் ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தது, எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காருக்குள், பற்றரிக்கு மின் ஊட்டுகிற சின்ன ஒற்றை ரோட்டர் எஞ்சினாக. சில்லை அது நேரடியாக ஓட்டுவதில்லை. கொஸ்மோவில் 6 மில்லிமீற்றராக இருந்த முனைச் சீல் பிறகு 3 ஆகி, 1980களின் நடுப்பகுதியில் 2 ஆகி, ஆர்எக்ஸ்-8 வரை அப்படியே வந்தது. புது எஞ்சினில் அதை 2.5 ஆக்கியிருக்கிறார்கள்.