ஈ.ஆர்.சி.பி முடிஞ்ச ராத்திரி வயிறு வலிக்குதா? ‘வாயு’னு விட்டுடாதீங்க!

ஆலங்குளத்துல இருக்கிற உங்க அம்மாவுக்கோ ஆச்சிக்கோ பித்தநாளத்துல கல். கண்ணு மஞ்சளாகி, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கூட்டிட்டுப் போறீங்க. வயிற்றைக் கிழிக்காம, வாய் வழியா டியூப் விட்டுக் கல்லை எடுத்துடுறாங்க. ‘நல்லா முடிஞ்சுது, கிளம்பலாம்’னு வண்டியும் ஏறியாச்சு. ராத்திரி மேல்வயிறு வலிக்குதுனு சொல்றாங்க. வீட்டுல எல்லாரும் என்ன சொல்வாங்க? ‘வாயுவா இருக்கும், சோடா குடிங்க.’

அந்த சோடாவுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஒரே வாசல், ரெண்டு குழாய்

இந்த சிகிச்சைக்குப் பேர் ஈ.ஆர்.சி.பி. கல்லீரல்ல இருந்து வர்ற பித்தநாளமும், கணையத்துல இருந்து வர்ற குழாயும் சிறுகுடல்ல பெரும்பாலும் ஒரே சின்ன துவாரத்துலதான் திறக்கும். பித்தநாளத்துக்குள்ள போக வேண்டிய மெல்லிய கம்பி சில நேரம் பக்கத்துல இருக்கிற கணையக் குழாய்க்குள்ள போயிடும். பல முறை முயற்சி பண்ணும்போது அந்த வாசல் வீங்கி, கணைய நீர் வெளியேற வழியில்லாம அடைபடும். செரிமானத்துக்கான அந்த நீர் கணையத்தையே புண்ணாக்க ஆரம்பிக்கும். இதுதான் கணைய அழற்சி.

ஈ.ஆர்.சி.பி-க்குப் பிறகு வர்ற சிக்கல்கள்ல அதிகம் வர்றது இதுதான். பொதுவா 100 பேர்ல 3 முதல் 10 பேருக்கு வரலாம். பெரும்பாலும் சில நாள்ல சரியாகிடும். ஆனா சிலருக்கு ஐ.சி.யூ வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் கவனமா செஞ்சாலும் வரக்கூடியதுதான் இது.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

பெண்கள், இளவயசுக்காரங்க, ஏற்கெனவே கணைய அழற்சி வந்தவங்க, கம்பியை உள்ளே செலுத்தச் சிரமப்பட்டவங்க. ‘சின்ன வயசுதானே, தாங்கிக்கும்’ங்கிற கணக்கு இங்கே தலைகீழ்.

தடுக்க என்ன வழி?

1. தேவையானு முதல்ல உறுதி பண்ணுங்க. கல் இருக்கானு பார்க்க மட்டும் ஈ.ஆர்.சி.பி வேண்டாம். எம்.ஆர்.சி.பி ஸ்கேன், எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் ரெண்டுமே அதைக் காட்டிடும். ஆனா, அடைப்போட காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இருந்தா தள்ளிப்போடக் கூடாது.

2. ஆசனவாய் வழியா வைக்கிற மாத்திரை. இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக், 100 மி.கி. விலை மலிவான மருந்துதான். ரிஸ்க் அதிகமுள்ள 602 பேரை வெச்சு அமெரிக்காவுல நடந்து, 2012-ல வெளியான ஆய்வுல, மருந்தில்லாத வெற்று மாத்திரை வெச்சவங்கள்ல 16.9% பேருக்குக் கணைய அழற்சி வந்தது. இண்டோமெத்தசின் வெச்சவங்கள்ல அது 9.2% தான். வாய் வழியா வலி மாத்திரை போட்டா இந்தப் பலன் கிடைக்காது. கிட்னி பிரச்னை, வலி மாத்திரை அலர்ஜி, வயித்துப்புண், கர்ப்பம் இருந்தா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

3. டிரிப்ஸ். ரிங்கர் லாக்டேட் திரவத்தைத் தாராளமா ஏத்தினா கணையத்துக்கு ரத்த ஓட்டம் குறையாது. இதயம், கிட்னி பலவீனமா இருக்கிறவங்களுக்கு அளவு பார்த்துத்தான் ஏத்துவாங்க.

4. கணையக் குழாய்ல சின்ன ஸ்டென்ட். இது எல்லாருக்கும் இல்ல, ரிஸ்க் அதிகமுள்ளவங்களுக்கு. பெரும்பாலும் தானாவே விழுந்துடும். விழுந்துச்சானு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். அந்தத் தேதியை மறந்துடாதீங்க.

கேட்க வேண்டிய மூணு கேள்வி

சிகிச்சைக்கு முன்னாடியே கேளுங்க: ‘டாக்டர், கணைய அழற்சி வராம இருக்க அந்த மாத்திரை வைப்பீங்களா? ஸ்டென்ட் வெச்சா எப்போ எக்ஸ்ரே? ராத்திரி வலி வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?’ இதைக் கேட்கிறது மரியாதைக் குறைவு இல்ல. பதிலை போன்ல குறிச்சுக்கோங்க.

வாயுவா, கணையமா?

சிகிச்சையில காத்து ஏத்துறதால வயிறு உப்புறது சகஜம். காத்து பிரிஞ்சா, நேரம் ஆக ஆக அது குறையும். கணைய வலி அப்படி இல்ல. மேல்வயித்துல ஆரம்பிச்சு, முதுகுக்குப் பரவி, ஏறிக்கிட்டே போகும். வாந்தியும் வரலாம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். அப்போ சோடா, கஷாயம், மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரை எதுவும் வேண்டாம். எதையும் சாப்பிடக் கொடுக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ரத்தத்துல அமைலேஸ், லைபேஸ் பார்த்தா விஷயம் தெரிஞ்சிடும். காய்ச்சலோட குளிர்நடுக்கம், கறுப்பா மலம் போறது இருந்தாலும் உடனே போகணும்.

ஆலங்குளத்துல இருந்து திருநெல்வேலி சுமார் 30 கிலோமீட்டர். பகல்ல அது ஒரு தூரமே இல்ல. நடுராத்திரி, வண்டி இல்லாம, வலியில துடிக்கிறவங்களை வெச்சுக்கிட்டு நிக்கும்போதுதான் அந்த தூரம் தெரியும். அதனால ‘இன்னிக்கு ஒரு ராத்திரி இங்கேயே இருக்கலாமா?’னு டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டுக்கு அனுப்பிட்டா, வண்டிக்குச் சொல்லி வையுங்க, 108-ஐ மறக்காதீங்க. முக்கியமா, அன்னிக்கு ராத்திரி அவங்க பக்கத்துல யாராவது ஒருத்தர் படுங்க. வலியை வெளியில சொல்லாம பொறுத்துக்கிறதுதானே நம்ம வீட்டு அம்மாக்களோட பழக்கம்!