கரைவலையும் வர்க்கமும்

‘மூலதனம்’ நூலின் மூன்றாம் பாகத்து இறுதியிலே, வர்க்கமாவது யாது என்னும் வினாவைக் கார்ல் மார்க்ஸ் எழுப்பினார். விடையை எழுதி முடிக்காமலே 1883இல் காலமானார். எங்கெல்ஸ் 1894இல் அப்பாகத்தை வெளியிட்டபோதும் அவ்வத்தியாயம் குறையாகவே நின்றது. கூலியாளர், முதலாளி, நிலவுடைமையாளர் என்னும் மூன்று பெரும் பிரிவினரை அது குறிப்பிடுகின்றது. அம்மூவரைப் புத்தளக் கரையிலே தேடுவோம்.

கடல் எவருக்கும் சொந்தமன்று. வலை ஒருவருக்குச் சொந்தம். கற்பிட்டிக் கரையிலே கரைவலை இழுப்போர் பலர். வலையும் தோணியும் உடைய சம்மாட்டி ஒருவர். விற்ற மீனின் விலையிற் செலவைக் கழித்து, வலைக்கு ஒரு பங்கும் ஆட்களுக்கு ஒரு பங்குமாகப் பிரிப்பது வழக்கம். கூலி என்ற பேச்சே அங்கில்லை. எனினும், மீன்படாத நாளின் இழப்பிலும் உழைப்பாளி பங்காளியாகின்றான். கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே சம்மாட்டியிடம் முற்பணம் வாங்குகின்றான். அம்முற்பணமே அடுத்த பருவத்துக்கும் அவனை அவ்வலையோடு பிணைக்கின்றது. இவனைப் பங்காளி என்பதா, கூலியாளன் என்பதா? உற்பத்திச் சாதனம் எவர் கையில் உள்ளது என்று மார்க்சியர் கேட்பர். பங்கு என்ற இனிய பெயரைக் கேட்டு நாம் மயங்காதிருக்க அக்கேள்வி உதவும்.

நிலத்தின் கதை வேறு. உரிமைச் சான்றில்லாத காடும் தரிசும் முடிக்குரியவை என 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கருதியது. பின்னர் சிலாபப் பகுதியிலே தென்னந்தோட்டங்கள் பெருகின. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் ஒருவரது உடைமையை 50 ஏக்கராக வரையறுத்தது; நெற்காணியாயின் 25. 1980களிலே களப்போரத்திற் கண்டற் காடுகளை வெட்டி இறாற் பண்ணைகள் அமைத்தனர். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, கடன்பட்டு முதலிட்ட சிறு பண்ணைக்காரர் பலர் நொடித்தனர்.

இவையாவும் உற்பத்தி முறையோடு ஒட்டிய மாற்றங்கள். 1990 அக்டோபரில் நிகழ்ந்ததோ அவ்வகைத்தன்று. வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து வணிகரும், முசலியின் நெற்காணி உடையோரும், எருக்கலம்பிட்டி மக்களும் சில நாள்களுக்குள் உடைமையிழந்து புத்தளத்துக்கு வந்தனர். மன்னார்த் தீவினர் பலர் தோணிகளிலே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். நேற்றுவரை ஆள்வைத்து உழுதவன், வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் நாட்கூலிக்கு நின்றான். துப்பாக்கி முனையில் வர்க்கம் மாறிய இவ்விந்தையை மூன்று பிரிவுக் கணக்கு எளிதில் விளக்காது. ஆனால், வேலை தேடுவோர் பெருகக் கூலி தாழும் என்று மார்க்ஸ் சேமப் படையைப் பற்றி உரைத்ததை உள்ளூர்க் கூலியாளர் ஏடு படியாமலே அறிந்தனர். ஒரே வர்க்கம் என்று ஏடு சொல்லும் இவ்விரு சாராரும் கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் இரு கூட்டமாகவே நின்றனர்.