எஞ்சியதே செவ்வியல்: அமெரிக்கக் கேபிளில் பழைய போட்டி நிகழ்ச்சிகள்

அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் 1994 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 'கேம் ஷோ நெட்வொர்க்', பழைய போட்டி நிகழ்ச்சிகளை மீண்டும் ஒளிபரப்பியது. அதன் நிகழ்ச்சி நிரலை முற்கால ரசனையின் நேரடிச் சான்றாகக் கொள்வது பிழை. ஒளிப்பதிவு நாடா விலை மிகுந்ததாக இருந்தமையால், நிறுவனங்கள் பகல்நேர நிகழ்ச்சிகளை அழித்து அந்நாடாக்களிலேயே மீண்டும் பதிவு செய்தன. என்பிசியில் 1964 முதல் 1975 வரை ஒளிபரப்பான 'ஜெப்பர்டி'யின் பெரும்பகுதி இவ்வாறே மறைந்தது. சிபிஎஸ்ஸின் 'வாட்ஸ் மை லைன்' (1950–1967) பெரிதும் நேரலையாக நடந்ததெனினும், ஒளித்திரையிலிருந்து படச்சுருளில் எடுத்த படிகளால் பிழைத்தது. அதிலும் தொடக்க ஆண்டுகளின் பகுதிகள் பல கிடைக்கவில்லை. அழிவுக்கு அடுத்த தடை உரிமை. 1997 இல் குட்சன்–டாட்மன் தொகுப்பின் உரிமம் முடிந்தபோது, அதன் நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை சில மாதங்கள் அவ்வலைவரிசையில் இடம்பெறவில்லை. அத்தொகுப்பைப் பின்னர் கைக்கொண்ட ஃப்ரீமேன்டில், 2015 இல் 'பஸ்ஸர்' எனும் தனி அலைவரிசையைத் தொடங்கியது.