வாசலில் கேட்கப்படும் கேள்வி

சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், அமெரிக்காவிலிருக்கும் மகளைக் காண வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்முகத்துக்கு முன் அவர் எவற்றைத் திரட்டுகிறார்? பணிச் சான்றிதழ், வசிப்பிட அனுமதி, வங்கிக் கணக்கு விவரம், ஊரிலிருக்கும் வீட்டின் பத்திரம். அனைத்தும் ஒரே கேள்விக்கான விடைகள்தாம்: திரும்பிப் போவீர்களா? அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவரைக் குடியேற வருபவர் என்றே முதலில் கொள்கிறது. அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. ஓர் அயல்நாட்டில் விருந்தாளியாக இருந்துகொண்டே, இன்னோர் அயல்நாட்டிடம் தம் வேர்களைக் காட்டியாக வேண்டும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் வாசலில் ஓர் அமெரிக்கர் நிறுத்தப்பட்ட வரலாறும் உண்டு. ஆனால் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இந்திய அரசு தன் வாசலை இறுக்கிற்று. 1920-இல், இந்தியாவுக்குள் நுழையக் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகளுக்குத் தனி நிபந்தனையும் வந்தது. சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிவோம், அரசியலிலிருந்து விலகியிருப்போம் என்று அவர்களோ, அவர்களை அனுப்பும் சபைகளோ உறுதியளிக்க வேண்டும். 'திரும்பிப் போவாயா' என்று அரசு கேட்கவில்லை. 'வாய் திறக்காமல் இருப்பாயா' என்று கேட்டது.

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-இல் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்தார். கதர் உடுத்தினார், காந்தியிடம் ஈடுபாடு கொண்டார். 1930 மார்ச்சில் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை நேரில் கொண்டு சேர்த்த ஆங்கில இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தினராகத் தங்கவைத்தார். அது போதுமானதாயிற்று. அவ்வாண்டிலேயே கெய்த்தான் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். தேசிய இயக்கத்தாரோடு கொண்ட உறவால் 1944-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். இடையில் 1940-இல், அதே உறுதிமொழிக்கு எதிராகக் குரல் எழுப்பிய மெதடிஸ்ட் மிஷனரி ஜே ஹோம்ஸ் ஸ்மித்தும் இந்தியாவைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் வாசலும் அப்போது நமக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் அங்கே குடியேறுவதைத் தடுத்தது. 1946-இல்தான் அத்தடை தளர்ந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேர் என்பதே அளவு. இங்கே ஓர் அமெரிக்கர் அவருடைய கருத்துக்காகத் தடுக்கப்பட்டார். அங்கே இந்தியர் பிறப்புக்காகத் தடுக்கப்பட்டனர்.

சுதந்திரம் வந்த 1947-இல் கெய்த்தான் மீண்டும் வந்தார். அவ்வாண்டு அக்டோபரில், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி அருகே, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். அதன் தொடக்ககாலப் பணிகளில் கெய்த்தானும் தோள்கொடுத்தார். பின்னாளில் நிலமற்றோருக்காகப் போராடிய எஸ். ஜெகந்நாதன், இளமையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர். மிஷனின் ஊழியராக வந்த கெய்த்தான் சர்வோதயத் தொண்டராக இந்த மண்ணில் ஊன்றிவிட்டார். 1984-இல் அவர் மறைந்தார்.

அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையை எந்த நாடும் விட்டுக்கொடுப்பதில்லை. சுதந்திர இந்தியாவும் அந்த 1920 சட்டத்தை 2025 வரை கையில் வைத்திருந்து, பிறகே புதிய சட்டத்தால் மாற்றியது. ஆகவே நேர்முகத்துக்குப் போகிறவர், கேள்வி தம்மை அவமதிக்கிறது என்று குமைவதில் பயனில்லை. எதற்காகப் போகிறோம், எத்தனை நாள், செலவு யாருடையது, எந்த வேலைக்குத் திரும்புகிறோம் என்பவற்றை உள்ளபடி, சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆனால் சாளரத்துக்கு அப்பாலிருக்கும் அதிகாரி சில நிமிடங்களில் அளக்க முயல்வது, ஒரு மனிதர் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதை. பத்திரத்தையும் வங்கிக் கணக்கையும் வைத்து அளந்திருந்தால், கெய்த்தானின் வேர் எந்த நாட்டில் இருந்ததாகத் தீர்ப்பு வந்திருக்கும்?