கிடையும் கம்பி வேலியும்

வேலி என்னும் சொல் தமிழில் தோட்டத்தின் காப்பையும் குறிக்கும். நிலத்தின் அளவையும் குறிக்கும். தஞ்சைப் பகுதியில் ஒரு வேலி நிலம் என்றால் ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துப் புன்செய்க்காரரோ காணிக் கணக்குப் பேசுபவர். அவர்க்கு வேலி என்றால் முள்வேலிதான். ஆயினும் நான் இங்குச் சொல்லப் புகுவது நிலையாக நிற்கும் வேலியை அன்று. கால்நடைக்காக இன்று நட்டு நாளை பிடுங்கும் வேலியை.

மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்பது பழம்பொருள். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை விடுவது வழக்கம் என்பதைக் கல்வெட்டுகளிற் காண்கிறோம். இத்தகைய செல்வத்தைக் கவர்வதும் மீட்பதும் போராகவே நடந்தன. புறப்பொருள் வெண்பாமாலை அவற்றை வெட்சி, கரந்தை என வகுக்கிறது. அப்போர்களில் வீழ்ந்தவர்க்கு எழுப்பிய நடுகற்கள் எங்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதி. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்ததாம். அரசர் பலரின் பெயரை மறந்த நாம், ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயரை அறிந்திருக்கிறோம்! அந்நாளில் நிரைக்கு உண்மையான வேலி, உடனிருந்த ஆளும் நாயுமே.

அந்த ஆள் தூங்கவேண்டிய இரவுக்காக அமைந்ததே கிடை. மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த படல்களை வயலில் வளைத்து நிறுத்தி, முளைகளோடு கயிற்றாற் பிணைத்து, உள்ளே ஆட்டையோ மாட்டையோ அடைப்பர். மறுநாள் கட்டை அவிழ்த்துப் படல்களை அடுத்த பாத்திக்கு நகர்த்துவர். இவ்வாறு சாணமும் சிறுநீரும் வயல் முழுவதும் பரவும். இன்று மேல்நாட்டுப் பண்ணையாளர் புல்வெளியைப் பகுதி பகுதியாக மேய்த்து நிலத்தை வளப்படுத்தும் முறையை நூல்களிற் படிக்கும்போது, நம் கிடைக்காரர் இதனைக் கயிற்று முடிச்சாலேயே நடத்தினாரே என்று வியக்கிறேன்.

கம்பி பின்னர் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் கிளிட்டன் என்பவர் 1874-இல் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். முட்கம்பி மலிவானது, ஆனால் நாள்தோறும் சுருட்டி நகர்த்த இயலாதது, மாட்டின் தோலையும் கிழிப்பது. பிறகு கம்பியில் மின்சாரம் பாய்ந்தது, முதலில் மாட்டுக்காக அன்று. முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையில் செருமானியப் படையினர் 2,000 வோல்ட்டுக் கம்பி வேலி நிறுவினர். தப்ப முயன்றோர் பலர் அதில் மாண்டனர்.

1930-களின் பிற்பகுதியில் நியூசிலாந்துப் பண்ணையாளர் பில் கல்லகர் கால்நடைக்கான மின்வேலிக் கருவியைச் செய்தார். தம் காரில் உடலைத் தேய்த்த குதிரையை விலக்கவே முதலில் அவர் மின்சாரத்தை நாடினார் என்பர். இன்றைய கருவி பல்லாயிரம் வோல்ட்டுத் தருகிறது, மாடோ சாவதில்லை. ஏன்? மின்சாரம் ஓயாமல் ஓடுவதில்லை. நொடிக்கு ஒரு முறையளவில், கண்ணிமைப்பினும் மிகக் குறுகிய துடிப்பாகப் பாய்கிறது. மாடு திடுக்கிட்டு விலக இடைவெளி உண்டு.

இவ்வேலியிற் கம்பியைக் கம்பத்தோடு சேர்ப்பதே நுட்பம். படலை இறுகக் கட்டவேண்டும். இதனையோ இறுகக் கட்டலாகாது. இரும்புக் கம்பத்தைக் கம்பி தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆதலால் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் இன்சுலேட்டரில் அதனைத் தாங்கவிடுவர். இழுவிசையை மூலைக் கம்பங்களே ஏற்கும். இடைக் கம்பங்களில் கம்பி வழுக்கி ஓட இடமிருத்தல் வேண்டும். நாள்தோறும் நகர்த்தும் வேலிக்கு நைலான் இழையோடு மெல்லிய உலோக இழை முறுக்கிய கயிறு ஏற்றது. மாட்டின் மூக்குயரத்தில், அதாவது இரண்டரை அல்லது மூன்றடியில் ஓர் இழை போதும். கீழே புல் வளர்ந்து தொடாதபடி வெட்டவேண்டும். முட்கம்பிக்கு மின்னூட்டவே கூடாது. சிக்கிய உயிர் விடுபடாது.

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பாரும் நம் ஊர்களில் உளர். 230 வோல்ட்டுத்தானே என்பது அவர்கள் எண்ணம். அங்கே துடிப்பும் இல்லை, இடைவெளியும் இல்லை, தசை இறுகிப் பிடித்த கை விடாது, இதயம் நிலைகுலையும். நம் அண்டையிலுள்ள தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிக்கு அருகே 2023 மார்ச்சில் இத்தகைய வேலியொன்றில் மூன்று யானைகள் மாண்டன. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர் மாண்ட செய்திகளும் நாளிதழ்களில் ஓய்ந்தபாடில்லை. மின்வேலிகளைப் பதிவுசெய்யத் தமிழ்நாட்டு அரசு அதே 2023-இல் விதிகள் வகுத்தது. கிடையின் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் படுத்திருப்பார், நள்ளிரவில் ஆளரவம் கேட்டால் "யாரது?" என்பார். கம்பி அவ்வாறு கேட்பதில்லை.

எங்கள் மாவட்டத்து மாணவர்க்கு இன்னுமொரு செய்தி. மின்சாரம் மாட்டின் உடல்வழி மண்ணில் இறங்கிக் கருவிக்குத் திரும்பினாலன்றி அதிர்ச்சி உண்டாகாது. கோடையில் எங்கள் செம்மண் காய்ந்து கல்லாகிவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. எனவே நிலத்தொடர்புக் கோலை ஈரமுள்ள இடம் பார்த்து ஆழமாக அடிப்பர். அல்லது இரண்டாம் கம்பி ஒன்றை முதற்கம்பிக்கு அருகே ஓட்டி நிலக்கோலோடு இணைப்பர். மாடு இரண்டையும் ஒருசேரத் தொடும்போது சுற்று நிறைவடையும்.