மின்னாக்க நூல்களின் மறுஅச்சும் மடிப்புத்தாள் வரைபடங்களும்: பெலிடோரின் கோட்டைப் பொறியியல் நூலை முன்வைத்து

முன்னுரை

ஐரோப்பியக் கோட்டைக் கட்டுமானம் குறித்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அச்சான நூல்கள் நெடுங்காலம் பெருநூலகங்களின் அரிய நூற்பிரிவுகளிலேயே முடங்கிக் கிடந்தன. பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிகா மின்னூலகமும், 2004இல் கூகுள் நிறுவனம் நூலகங்களுடன் இணைந்து தொடங்கிய மின்னாக்கத் திட்டமும் இந்நிலையை மாற்றின. பதிப்புரிமைக் காலம் கடந்த இந்நூல்களின் மின்படிகளைக் கொண்டு, ஒரே ஒரு படி கேட்டாலும் அச்சிட்டுத் தரும் முறை இன்று பரவியுள்ளது. இம்முறையால் படைத்துறைப் பொறியியல் நூல்களில் எது மீள்கிறது, எது மறைகிறது என்பதைப் பெலிடோரின் 'பொறியாளர்களின் அறிவியல்' என்னும் பிரெஞ்சு நூலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் அமைப்பு

பெலிடோர் (1698–1761) லா ஃபேர் பீரங்கிப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். 1729இல் பாரிசில் வெளியான இந்நூல் ஆறு பகுதிகளைக் கொண்டது. மண்ணின் அழுத்தத்தைத் தாங்கும் சுவர்களின் தடிப்பு, வளைவுக் கூரைகளின் உந்துவிசை, கட்டுமானப் பொருள்கள், கோட்டைக்குள் அமையும் கட்டடங்கள், அலங்கார அமைப்பு, ஒப்பந்தத்திற்கான வேலை விவரக் குறிப்பு ஆகியவை முறையே அவற்றின் பொருள்கள். அல்சாஸ் பகுதியில் வோபான் வடிவமைத்த நெஃப் பிரிசாக் கோட்டையின் வேலை விவரக் குறிப்பை இறுதிப் பகுதி மாதிரியாகத் தருகிறது.

இந்நூலில் உரையும் வரைபடமும் பிரிக்க முடியாதவை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட வரைபடங்கள் மடிப்புத் தாள்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. வாசகர் தாளை விரித்து வைத்துக்கொண்டே உரையைப் படிக்க வேண்டும் என்பது இவ்வமைப்பின் நோக்கம். சுவரின் ஒவ்வொரு முனையையும் உரை எழுத்துக் குறியால் மட்டுமே சுட்டுகிறது. அக்குறிகளின் பொருள் வரைபடத்தில்தான் உள்ளது.

மின்னாக்கத்தில் நேரும் இழப்பு

பெருந்திரள் மின்னாக்கம் வேகத்தை அடிப்படையாகக் கொண்டது. பக்கங்களைப் புரட்டிப் படம் எடுக்கும்போது மடிப்புத் தாள்கள் பெரும்பாலும் விரிக்கப்படுவதில்லை. மடிந்த தாளின் ஒரு பகுதியோ, அதன் வெற்றுப் பின்புறமோ மட்டும் பதிவாகிறது. திரையில் இக்குறை தெரிந்தால் வாசகர் வேறொரு மின்படியைத் தேடலாம். அதே கோப்பு அச்சாகி அட்டை கட்டப்பட்டதும் குறை நிலைபெற்றுவிடுகிறது. நூல் முழுமையானது என்ற தோற்றமும் உண்டாகிறது.

படத்திற்குப் பதிலாக எழுத்துணரி வழியே உரையை மட்டும் எடுத்து அச்சிடும்போது சிக்கல் இன்னும் மிகுகிறது. அக்கால அச்சில் வழங்கிய நீண்ட 'எஸ்' எழுத்தை எழுத்துணரி 'எஃப்' எனக் கொள்வதுண்டு. முதற்பதிப்பின் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனிப் பக்க எண்கள் உள்ளன. தொடர் எண் இட்டு அச்சிட்டால் பழைய மேற்கோள்களைக் கண்டறிவது கடினமாகிறது.

அளவுகளும் விளக்கக் குறிப்பின் தேவையும்

பெலிடோர் கையாளும் அடி அக்காலப் பிரெஞ்சு அடி, ஏறத்தாழ 32.48 செ.மீ. ஆங்கில அடியோ 30.48 செ.மீ. நூலில் 30 அடி எனக் குறிக்கப்பெறும் சுவரின் உயரம் ஏறத்தாழ 9.74 மீட்டர். ஆங்கில அடியாகக் கொண்டால் அது 9.14 மீட்டராகிவிடும். வேறுபாடு 60 செ.மீ. குறிப்பின்றி வரும் மறுஅச்சு இதை வாசகருக்கு உணர்த்துவதில்லை. நெஃப் பிரிசாக் உள்ளிட்ட வோபானின் 12 அரண் தொகுதிகள் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. இத்தகைய அரண்களைப் பேணுவோர்க்கு இந்நூல் நடைமுறைச் சான்று என்பதால் அளவுப்பிழையைச் சிறிதெனத் தள்ள இயலாது.

நாவியேயின் முன்மாதிரி

இந்நூலை மீண்டும் அச்சிடுவது புதியதன்று. 1813இல் நாவியே இதன் புதிய பதிப்பைக் கொணர்ந்தார். அதற்குள் மண்ணழுத்தம் பற்றிய அறிவு வெகுவாக மாறியிருந்தது. 1773இல் கூலும் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அளித்த ஆய்வுரை அம்மாற்றத்தின் முதன்மைக் காரணம். பெலிடோரின் கணக்கீடுகளுள் பல அப்போது பழையனவாகிவிட்டன. எனினும் நாவியே மூலத்தைத் தம் கருத்துக்கேற்பத் திருத்தி எழுதாமல், திருத்தங்களைத் தனிக் குறிப்புகளாகச் சேர்த்தார். இதனால் 1729இன் அறிவும் 1813இன் அறிவும் ஒரே நூலில் வேறுபாடு தெரியுமாறு நிற்கின்றன. மூலத்தைக் காத்து, குறிப்பால் விளக்கும் இம்முறை தமிழ்ப் பதிப்பு மரபுக்கும் அயலானதன்று.

முடிவுரை

மறுஅச்சு அரிய நூலை எளியோர் கைக்குக் கொண்டு சேர்க்கிறது. அப்பயனை மறுக்க இயலாது. ஆனால் படியெடுத்தல் வேறு, பதிப்பித்தல் வேறு. எந்த நூலகத்தின் எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை வரைபடத் தாள்கள் மூலத்தில் இருந்தன, அவற்றுள் எவை விடுபட்டன, அளவலகு யாது என்னும் நான்கு செய்திகளையேனும் மறுஅச்சு தன் முகப்பில் தருதல் வேண்டும். அவை இல்லாதவிடத்து, ஆய்வாளர் வரைபடங்கள் விரித்துப் பதிவுசெய்யப்பட்ட மின்படியோடு ஒப்பிட்ட பின்னரே அந்நூலை மேற்கோளாகக் கொள்ளுதல் தகும். வரைபடம் இழந்த கோட்டைப் பொறியியல் நூலில் எஞ்சுவது எழுத்துக் குறிகள் மட்டுமே. அவை சுட்டும் சுவர் அங்கு இல்லை.