விரல் அறிந்த பாதை – 6: திருவண்ணாமலைப் பையனும் 495 டாலர் மெனுவும்

தன் மெனுவை நகலெடுத்துவிட்டதாக லோட்டஸ் நிறுவனம் வழக்குப் போட்டுவிட்டது என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1987 ஜனவரி. எதிர்த்தரப்பில் நின்ற பேப்பர்பேக் சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஆடம் ஆஸ்பார்ன்.

அந்தப் பெயரை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. ரமண மகரிஷியை நாடித் திருவண்ணாமலையில் குடியேறிய ஆர்தர் ஆஸ்பார்னின் மகன் அவர். அருணாசல மலையடியில் வளர்ந்த அந்தப் பையன்தான் பின்னாளில் அமெரிக்கா போய், 1981-இல் கையில் தூக்கிப் போகக்கூடிய கணினியை விற்றுப் புகழ்பெற்றார். எடை 11 கிலோ, திரை 5 அங்குலம். 1983-இல் அவருடைய கம்பெனி திவாலானது. அடுத்த ஆண்டே மீண்டு வந்தார். மலிவுப் பதிப்புப் புத்தகம் போல மென்பொருளும் எல்லார் கைக்கும் எட்ட வேண்டும் என்று பேப்பர்பேக்கைத் தொடங்கினார். கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அப்போது 495 டாலர். அதே வேலையைச் செய்யும் அவருடைய விபி-பிளானர் 100 டாலருக்கும் குறைவு.

விலை குறைந்தால் மட்டும் போதுமா? லோட்டஸில் சாய்கோட்டை அழுத்தினால் மேலே மெனு விரியும். பிறகு எஃப், எஸ் என்று தட்டினால் கோப்பு சேமிப்பாகும். கணக்கு எழுதுபவர்கள் இந்த எழுத்துகளை வரிசையாகக் கோத்து மேக்ரோ செய்து வைத்திருந்தார்கள். மெனுவில் ஒரு சொல்லின் முதலெழுத்து மாறினாலும் மேக்ரோ தடம் புரண்டு வேறெங்கோ போய் நிற்கும். அதனால் விபி-பிளானர் அதே சொற்களை அதே அடுக்கில் வைத்தது. விசைக்கு விசை லோட்டஸ் போலவே இயங்கும் என்று கையேட்டிலேயே அச்சிட்டார்கள். நீதிமன்றத்தில் அவர்களுக்கே எதிரான சாட்சியாக வந்து நின்றது அந்த வரி.

அமெரிக்கக் கம்பெனிகளின் சண்டை நமக்கெதற்கு என்று நினைப்பவர் பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போய்ப் பார்க்கலாம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் டிடிபி ஆட்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பேஜ்மேக்கரில் மேட்டர், கோரல்டிராவில் பட்டாசு லேபிள், போட்டோஷாப்பில் முருகன் படம் என்று மூன்றையும் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஆள். கண்ட்ரோல் எக்ஸ், சி, வி மூன்றிலும் ஒரே வேலையைச் செய்யும். கண்ட்ரோல் டி அப்படியில்லை. பேஜ்மேக்கரில் அது வெளியிலிருந்து படத்தைக் கொண்டுவரும். கோரலில் உருவத்துக்கு இன்னொரு நகல் போடும். போட்டோஷாப்பில், முடி முடியாக வளைத்துத் தேர்ந்தெடுத்த பகுதியைக் கைவிட்டுவிடும். இரவு இரண்டு மணிக்கு அந்த ஒரு விசை தவறினால் நஷ்டப்படுவது மென்பொருள் கம்பெனி அல்ல, அந்த ஆபரேட்டர்தான். பொது வழக்கம் ஒன்று வேண்டும் என்று நான் வாதாடுவது அவருக்காகத்தான்.

வேடிக்கை என்னவென்றால், லோட்டஸ் வழக்குப் போட்ட அதே 1987-இல் ஐபிஎம் அதற்கு நேர் எதிரான வழியில் போனது. எந்தப் புரோகிராமிலும் மெனு மேலே ஒரே மாதிரி இருக்க வேண்டும், எஃப்1 அழுத்தினால் உதவி வர வேண்டும் என்றெல்லாம் விதி எழுதி, எல்லோரும் பின்பற்றட்டும் என்று வெளியிட்டது.

1990 ஜூன் 28. பேப்பர்பேக் வழக்கில் பாஸ்டனில் நீதிபதி ராபர்ட் கீட்டன் தீர்ப்பு வாசித்தார். கட்டளைகளுக்கு வேறு சொற்கள் இருந்தன, வேறு அடுக்கும் சாத்தியம், எக்செல் அப்படித்தானே செய்திருக்கிறது; ஆகவே இந்த மெனு லோட்டஸின் படைப்பு, காப்புரிமை உண்டு என்றார். எல்லோரும் பழகிவிட்டார்கள் என்பதற்காக உரிமை போய்விடாது என்றும் சொன்னார். எனக்கு இது ஒப்பவில்லை. மெனுவை எழுதியது லோட்டஸ். அதைக் கற்க உழைத்தவர்கள் அலுவலகங்களில் இருந்த லட்சக்கணக்கானோர். அவர்கள் உழைப்பு அந்தத் தீர்ப்பின் கணக்கில் வரவேயில்லை. பேப்பர்பேக் மேல்முறையீடு செய்யாமல் ஒதுங்கியது. ஆஸ்பார்ன் பிறகு இந்தியா திரும்பினார். 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

தீர்ப்பு வந்து நான்கே நாள். ஜூலை 2 அன்று லோட்டஸ் அடுத்த வழக்கைத் தொடுத்தது. இம்முறை எதிரி பெரியவர்: போர்லேண்ட் நிறுவனம். அதன் கணக்குத்தாள் மென்பொருளான குவாட்ரோ புரோவில் லோட்டஸின் 469 கட்டளைகளும் அப்படியே இருந்தன. 1992-இல் கீட்டன் போர்லேண்டுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தார். உடனே போர்லேண்ட் லோட்டஸ் மெனுவைத் திரையிலிருந்து துடைத்தெடுத்தது. ஒரு சொல்கூட மிச்சமில்லை.

ஆனால் உள்ளே ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. பழைய லோட்டஸ் மேக்ரோ வந்தால் அதன் முதலெழுத்துகளைப் படித்து, சொன்ன வேலையைச் செய்துவிடும் ஒரு பகுதி. திரையில் தோன்றவே தோன்றாத மெனு அது. அதற்கும் உரிமை கோரி, லோட்டஸ் வக்கீல்கள் மறுபடியும் கீட்டன் முன்னால் வந்து நின்றார்கள்.

(தொடரும்)